கோமதி வரைந்த நாற்காலி

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருடம் ஓடிவிட்டது. வருடா வருடம் எங்கள் கோயில் திருவிழா முடிந்ததும் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குவேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது. பிள்ளையார் சுழி மட்டும் போட்ட நோட்டுகள் ஐந்து வீட்டில் கிடக்கின்றன. என் மனைவி சரோஜா அவற்றில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக்கொள்கிறாள். இது ஆறாவது நோட்டு. அவள் கைக்குப் போவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

ஊர்ச் சங்க மலருக்கு, வெளிநாடு போய் எப்படி முன்னேறினீர்கள் என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பரோட்டா போட மலேசியாவுக்கு வந்து, கெடா மாநிலத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த கரங்கானில் நின்றுவிட்டவன். இங்கே பரோட்டாவை ரொட்டி சானாய் என்பார்கள். பெயர் மாறியதே தவிர மாவு அடிக்கும் கை அதேதான். ஆகையால் முன்னேற்றத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியைப் பற்றித்தான் இருக்கிறது. அதில் என் மகளுக்கு நான் செய்த ஒரு காரியமும் இருக்கிறது.

2

ஊரில் நம் தெருவில் நாற்காலி என்று ஒன்றுதான் இருந்தது. கணக்குப்பிள்ளை வீட்டு நாற்காலி. எந்த வீட்டுக்கு அதிகாரி வந்தாலும், எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒரே நாளில் இரண்டு வீட்டில் பெண் பார்க்க வந்தபோது ஒரு மாப்பிள்ளை கடைசிவரை நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே வந்த பிறகு எனக்கு நாற்காலிக்குக் குறைவே இல்லை. நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு இந்த நாட்டில் சிவப்பு அடையாள அட்டை கொடுப்பார்கள். அதற்காக எண் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பக்கத்து டவுன் கூலிம் வரை போகும். மலாய்ப் பாரத்தில் 'ஜந்தினா' என்று ஒரு கட்டம் இருந்தது. கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆகிவிட்டது என்பதற்கு 'சுடா' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே ஆணா பெண்ணா என்றல்லவா கேட்டிருக்கிறார்கள்! அலுவலக முகப்பில் இருந்த பெண் படித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினாள். பிறகு அவளே திருத்தி எழுதினாள். நல்ல பெண். தீர்க்காயுசாக இருக்கட்டும்.

சரோஜா இங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளைக் கட்டிக்கொண்ட வழியாக அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் எனக்கும் சொந்தமாயிற்று. தோட்டத்து ஜனங்கள் இப்போது கூலிம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, தாமான் என்று சொல்லும் வீடமைப்புகளில் குடியிருக்கிறார்கள். திருவிழா என்றால் மட்டும் கம்பெனி பஸ்ஸை மறந்துவிட்டு வந்துசேர்வார்கள். கோயில் நிர்வாகத்தில் படித்தவர்களுக்குத் தலைவர், செயலாளர் பதவிகள். எனக்கு நாற்காலிப் பொறுப்பு. முந்நூறு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கல்யாணம், கருமாதி, பிறந்தநாள் என்று யார் வாங்கிப் போனாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என் வேலை. திருட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் தகரத்தில் எழுத்து வெட்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கோயில் பெயர் போட்டிருப்போம். விரிசல் விட்டதைத் தூக்கிப் போடுவதில்லை. ஊசியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, மீன்பிடிக்கும் நரம்பால் குறுக்கும் நெடுக்கும் தைத்துவிடுவேன். இன்னும் பத்து வருடம் உழைக்கும்.

3

என் ஒரே மகள் கோமதி. பினாங்கில் ஓவியம் படித்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதச் சொன்னால் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடுவாள். விளக்கு ஏற்றச் சொன்னால் ஏற்றுவாள், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், விளம்பரக் கம்பெனி என்பேன். மனசுக்குள், படம் போடுகிறாள் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. வளைத்த பலகை, மெல்லிய இரும்புக் கால், கை வைக்க இடம் கிடையாது.

"என்னம்மா, ஒரு நாக்காலிக்கா இவ்வளவு பெரிய பெட்டி?"

"அப்பா, இது சும்மா நாக்காலி இல்லலா. ஐரோப்பாவுல ஒரு பெரிய டிசைனர் அந்தக் காலத்துல டிசைன் பண்ணது. உலகம் பூரா மியூசியத்துல வச்சிருக்காங்க."

"மியூசியத்துலயா? அப்ப யாரும் உக்காரலையா?"

"உக்காரக் கூடாதுப்பா."

"உக்காரக் கூடாத நாக்காலிய எதுக்கும்மா செஞ்சாரு?"

கோமதி விவரம் சொன்னாள். பெரிய கம்பெனிகள் சில சேர்ந்து இப்படிப் பன்னிரண்டு நாற்காலிகளைப் பன்னிரண்டு ஓவியர்களிடம் கொடுத்திருக்கின்றன. ஆளுக்கொன்றாக அலங்கரித்துத் தர வேண்டும். கூலிமில் ஒரு ஹோட்டலில் ஏலம் விட்டு, வருகிறதை ஏழைகளுக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்யும் நிலையத்துக்குக் கொடுப்பார்கள். பன்னிரண்டு பேரில் கெடாவில் பிறந்தவள் இவள் ஒருத்திதான். நாற்காலிக்கு முன்னால் அவள் பெயர் போட்ட அட்டை வைப்பார்களாம்.

"என் பேர்ல மொதல் தடவப்பா. கம்பெனி பேர்ல இல்ல, என் பேர்ல" என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து வரைந்தாள். வந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. ஐரோப்பா நாற்காலியை எங்கள் கோயில் பிளாஸ்டிக் நாற்காலி போலவே ஆக்கிவிட்டாள். அதே வெளுத்த சிவப்பு. முதுகில் என் தகரத்தை வைத்தே அடித்த கோயில் பெயர். உட்காரும் இடத்தில் ஒரு விரிசல். அந்த விரிசலுக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தையல். எல்லாம் பெயின்ட். தொட்டுப் பார்த்தால்தான் விரிசல் இல்லை என்று தெரிகிறது.

"அப்பா, தையல் நீங்க போடற மாதிரியே இருக்கா?"

"இருக்கு. ஆனா யாராச்சும் புது நாக்காலியில ஓட்டைய வரைவாங்களாம்மா? பூ, கிளி இப்படி ஏதாச்சும் போட்டா வாங்கறவங்களுக்குப் பிடிக்கும்."

அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

4

ஏலத்துக்கு முதல் நாள் எங்கள் கோயில் திருவிழா. மத்தியானம் மூன்று மணிக்குள் நாற்காலியை ஹோட்டலில் சேர்க்க வேண்டும். கோமதி காலையிலேயே அங்கே போய்விட்டாள். நாற்காலியைப் போர்வையில் சுற்றி என் வேனில் ஏற்றிக்கொண்டேன். கோயில் வேலையை முடித்துவிட்டு நேரே கொண்டுபோய் இறக்குவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கு அலங்காரம் முடிந்து உற்சவ அம்மனை மண்டபத்துக்குக் கொண்டுவந்து பலகையில் வைத்தார்கள். பலகை 'சடக்' என்றது. நல்லவேளை, நாலு பேர் இன்னும் கையை எடுக்கவில்லை. தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தால் பலகைக்கு அடியில் பாதியைக் கறையான் தின்றிருந்தது.

பூசாரி முனியாண்டி என்னைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே! நாக்காலிக்கு நீங்கதானே பொறுப்பு! கல்லு மாதிரி ஒண்ணு கொண்டாங்க, அம்மா அந்தரத்துல நிக்கிறா!"

பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பொன் அம்மனை வைத்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போய்விடும். நாலு பேரும் அம்மனைத் தாங்கிக்கொண்டே நிற்கிறார்கள். நான் ஓடினேன். வேன் கதவைத் திறந்தேன். போர்வையை எடுத்தேன். இரும்புக் கால். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷம்தானே, மேலே பட்டு விரித்துவிடலாம், கோமதிக்குத் தெரியவே தெரியாது என்றுதான் நினைத்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு வருடம் ஆனது.

பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று. வரிசையாக ஜனங்கள் வந்து விழுந்து கும்பிட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். செயலாளர் என் பக்கத்தில் வந்து, "நம்ம கோயில் பேரு முதுகுல இருக்கே, இவ்வளவு ஸ்ட்ராங்கான சேர் எப்ப வாங்கினோம்?" என்று சந்தேகப்பட்டார். அம்மன் தேரில் ஏறிய பிறகு நாற்காலியைத் துடைத்தேன். உட்காரும் இடத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சள் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

பூசாரி அருகே வந்தார். "அண்ணே, அம்மா உக்காந்த ஆசனம். இனிமே இதுல மனுசங்க யாரும் உக்காரக் கூடாது. இங்கயே விட்ருங்க."

"இது என் மகளோடது முனியாண்டி. நாளைக்கு ஏலம்."

"ஏலமா? அம்மா உக்காந்தத ஏலத்துல விடுவாங்களா? நீங்களே பாத்துக்குங்க. நாளைக்கு எவனாச்சும் பீர் குடிச்சுக்கிட்டு உக்காருவான்."

ஆனால், உட்காரக் கூடாது என்று மகளே சொன்னாளே! மியூசியத்தில் வைக்கிற சாமான். அங்கே அவர்களுக்கும் அதே ஆசாரம்தான் போலிருக்கிறது என்று தைரியம் வந்தது.

ஹோட்டலில் கோமதி முதலில் பார்த்தது மஞ்சளைத்தான். "என்னப்பா இது?"

"வேன்ல மஞ்சத்தூள் பை கிழிஞ்சிருச்சும்மா." திருவிழா அன்றைக்கு, நெற்றி நிறைய விபூதியோடு, இந்தப் பொய்யைச் சொன்னேன்.

5

மறுநாள் சாயங்காலம் நானும் சரோஜாவும் ஏலத்துக்குப் போனோம். ஹோட்டல் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தி முதுகில் பெரிய முடிச்சுப் போட்டிருந்தார்கள். மேடையில் பன்னிரண்டு நாற்காலிகளும் கயிறு கட்டிய வளையத்துக்குள். ஒன்றை இரண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். ஒன்றில் பழைய கைப்பேசிப் பொத்தான்களாக ஒட்டியிருந்தது. ஒன்றில் உட்காரும் இடம் முழுக்க ஆணி, கூர் மேலே பார்க்க. அதற்குப் பெயர் 'சுகம்'. கோலாலம்பூரிலிருந்து வந்த கலை ஆலோசகர் அம்மா ஒருவர் ஒவ்வொன்றாக விளக்கினார். கோமதி எனக்கு மொழிபெயர்த்தாள். "இந்த நாக்காலி நம்மகிட்ட ஒரு கேள்வி கேக்குதாம்ப்பா." என் கடையில் நாற்காலிகள் கேள்வி கேட்பதில்லை. உட்கார்ந்தவர்கள்தான், ரொட்டி இன்னும் வரலையா என்று கேட்பார்கள்.

கோமதியின் நாற்காலிக்கு முன்னால் அட்டை இருந்தது. அவள் பெயர், கீழே 'கரங்கான்'. போனில் ஏழெட்டுப் படம் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் சீன டாக்டர் அம்மா ஒருவர், தலை நரைத்தவர், கயிற்றுக்கு மேல் குனிந்து அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். கோமதியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். கோமதி என் பக்கம் கையைக் காட்டினாள். டாக்டர் அம்மா என்னைப் பார்த்துத் தையல் போடுவது போல விரலை அசைத்துக் காட்டினார். என் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏலம் தொடங்கியது. ஏலம் விட்ட இளைஞர், நாற்காலியை வாங்குகிறவர்கள் மேடைக்கு வந்து அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை கயிறு எதற்குக் கட்டினார்கள்? முதல் மூன்று நாற்காலிகளை வாங்கியவர்கள் ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டினார்கள். ஆணி நாற்காலியை வாங்கியவர் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஐந்தாவது கோமதியின் நாற்காலி. டாக்டர் அம்மா எண் பலகையைத் தூக்கினார். முன்வரிசையில் ஒரு டத்தோவும் தூக்கினார். டத்தோ என்பது இங்கே அரண்மனையில் கொடுக்கும் பட்டம். இவர் நம் தமிழர், ரோடு போடும் குத்தகைக்காரர், மூன்று போன் வைத்திருப்பவர். மாற்றி மாற்றித் தூக்கினார்கள். டத்தோவுக்கு அலுத்துவிட்டது. "உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்லா" என்று எழுந்து மேடை ஏறினார். கனத்த சரீரம். நாற்காலிக்கு முதுகைக் காட்டி, கால்சட்டையை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு, இறங்க ஆரம்பித்தார்.

"உக்காராதீங்க!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள். அவர்களுக்குப் புரியட்டும் என்று மலாயிலும் கத்தினேன். "ஜாங்கான் டூடோக்! சாமி சுடா டூடோக்!" உட்காராதீர்கள், ஏற்கெனவே சாமி உட்கார்ந்தாயிற்று என்றேன்.

டத்தோ பாதி இறங்கிய நிலையில் அப்படியே நின்றார். நான் மேடைக்குப் போய், பலகை உடைந்ததையும், நான் நாற்காலியை எடுத்ததையும், மகளிடம் பொய் சொன்னதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். கோமதி மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் டத்தோவைப் பார்த்துப் பேசினேன்.

"சாமி ஒரிஜினலா உக்காந்துச்சா அண்ணே?" என்றார் டத்தோ.

"ரெண்டு மணி நேரம்ங்க."

"அப்ப என்ன அற்புதம் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்க. பலகையக் கறையான் தின்னுருச்சு. அவ்வளவுதான்."

யார் கேட்டார்கள்? ஆலோசகர் அம்மா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். மஞ்சள் கறையைக் காட்டினார். தெய்வமே கையெழுத்துப் போட்ட ஒரே டிசைனர் நாற்காலி என்று அறிவித்தார். நான் அம்மனின் மரியாதையைக் காப்பாற்றக் கத்தினேன். அவர் அதையே விலை ஏற்றும் சங்கதி ஆக்கிவிட்டார். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பலகையைத் தூக்கினார்கள். டாக்டர் அம்மா இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். டத்தோ வாங்கினார். நிலையத்துக்குப் புது இயந்திரமே வாங்கலாம் என்றார்கள். டத்தோ என் கையைப் பிடித்து, "சத்தியமா யாரும் உக்கார மாட்டாங்கண்ணே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சரோஜா தட்டவில்லை.

வெளியே வேனில் ஏறும்போது கோமதி கேட்டாள். "அப்பா, அந்த டாக்டர் அம்மாவுக்கு என் நாக்காலி புடிச்சிருந்துச்சு. தெரியுமா?"

"தெரியும்மா."

"மத்தவங்க எல்லாம் சாமி உக்காந்த நாக்காலியத்தான் வாங்க வந்தாங்க. நான் வரைஞ்சத யாருமே பாக்கலப்பா. நீங்க நேத்து காலையில எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா நானே எடுத்துக்குங்கன்னு சொல்லியிருப்பேன். ஏலத்துக்கு வேற வரைஞ்சு தர்றேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருப்பேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை பேருக்கு நாற்காலி எண்ணிக் கொடுக்கிற நான், கேட்டு வாங்க வேண்டும் என்பதை என் மகள் விஷயத்தில் மட்டும் நினைக்கவில்லை. அந்த டத்தோ இன்றைக்கு உட்காரப் போனாலும் நான் கத்துவேன். அது தப்பில்லை. வேன் கதவைத் திறந்தேனே, அங்கேதான் தப்பு.

6

அதற்குப் பிறகு கதை தானாக நடக்க ஆரம்பித்தது. நாலு பேர் தூக்கியும் நாற்காலி அசையவில்லை என்றார்கள். டத்தோவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள். போன மாதம் ஜித்ராவில் ஒரு கல்யாணத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் என்னிடமே சொன்னார்: "இந்தியாவுலேருந்து கப்பல்ல வந்த நாக்காலி சார். ஆயிரம் வருசத்துப் பழசு." இந்தியாவிலிருந்து வந்தது நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். சாம்பார் கேட்டுவிட்டு இருந்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டத்தோ வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் ஜனங்கள் வருகிறார்கள். நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, முன்னால் விளக்கும் உண்டியலும் வைத்திருக்கிறார். சொன்ன சொல் தவறவில்லை, யாரும் உட்காரவில்லை. பெட்டிக்கு மேல் தங்க எழுத்தில் 'உபயம்' என்று போட்டு டத்தோவின் பெயர், அவர் சம்சாரத்தின் பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர். கோமதியின் அட்டையைக் காணோம்.

"டத்தோ, வரைஞ்சவ பேரும் ஒரு ஓரமா இருக்கட்டுமே" என்றேன்.

"என்ன அண்ணே நீங்க, சாமி விசயம். இதுல போய் மனுசங்க பேரைப் போட்டா அடக்கம் இல்லாத மாதிரி இருக்கும்லா" என்றார், அந்தத் தங்க எழுத்துக்கு அடியில் நின்றுகொண்டு.

கோமதி இப்போது கோலாலம்பூரில் பால் டப்பாக்களுக்குப் படம் போடுகிறாள். கம்பெனி பெயரில். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவாள். போனை நான் வாங்கினால், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி. டத்தோ வீட்டுக்குப் போய் வந்ததை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "நீங்க போய்க் கேட்டீங்களாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரிப்பா" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இரண்டு பேரும் பேசாமலே போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

மலரில் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்வீர்கள். சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மன்மேல் ஆணையாகக் கேட்டுக்கொள்கிறேன், ஒன்றும் கூட்டாதீர்கள். நாற்காலி நகரவில்லை, பேசவில்லை, யாருக்கும் எந்த நோயும் தீரவில்லை. பலகையைக் கறையான் தின்றது. அப்பன் மகளைக் கேட்காமல் அவள் பொருளை எடுத்தான். ஒன்றும் குறைக்கவும் வேண்டாம். சுருக்கிச் சொல்ல நேர்ந்தால் என் பேரை விட்டுவிடுங்கள், டத்தோவை விட்டுவிடுங்கள், கோயிலையும்கூட விட்டுவிடுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அதை வரைந்தவள் பேர் கோமதி என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.